எமது இசை இரசிகர் மன்றம், கல்லடி, மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர்களே, நிர்வாக சபையினரே, சிரமம் பாராது வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டம் முதல் இன்றுவரை மன்றம் ஆற்றிய பணிகளை மன்ற விதிகளான யாப்பின்படி சபை முன்வைக்கின்றேன். யாப்பு என்னிடம் கேட்பது அறிக்கையை மட்டுமே. எனினும், ஆண்டு நடுவில் சிலர் தேநீர்க் கடையில் வைத்து எழுப்பிய கேள்விகளுக்கு அங்கேயே பதில் கூறுவது முறையன்று என்று அப்போது பொறுத்துக்கொண்டதால், அவற்றுக்கும் இங்கே விடையளிக்க வேண்டியவனாகின்றேன்.

நிர்வாக சபைக்கு ஏழு தடவை அழைப்பு விடுக்கப்பட்டது. இரண்டு தடவை கூட்ட நடப்பெண்ணுக்குப் போதிய உறுப்பினர் வராமையால் தேநீர் அருந்திவிட்டுக் கலைந்தோம். சரஸ்வதி பூசை வழமைபோல் நடைபெற்றது. காரைதீவில் பிறந்து, பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டு யாழ் நூலை அரங்கேற்றிய சில வாரங்களிலேயே மறைந்த சுவாமி விபுலானந்தருக்கு, ஜூலை 19ஆந் திகதி கல்லடி உப்போடைச் சமாதியில் மலரஞ்சலி செலுத்தினோம். மாணவர்களுக்கான பண்ணிசைப் போட்டி மழையினால் பிற்போடப்பட்டுப் பின்னர் நடத்தப்பட்டது.

முழுநிலவு விடுமுறையான போயா தினத்தில் கூடியிருந்து பாட்டுக் கேட்கும் கேட்டல் அமர்வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. பாட்டுக் கேட்பவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள் என்று எவரும் கூற முடியாது. பேருந்தில் ஏறினால் காதில் ஏதேனும் செருகாதவரைத் தேட வேண்டியுள்ளது. ஆனால் ஒருவர் என்ன கேட்கின்றார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் வானொலியைத் திறந்தால் மூன்று வளவுக்குக் கேட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இரவில் மத்திய அலை தெளிவடையும் நேரம் பார்த்து, திருச்சி வானொலியின் கச்சேரியை, அது கடலலை போல எழுவதையும் அடங்குவதையும் பொருட்படுத்தாமல் வேலியின் இருபுறமும் நின்று கேட்டிருக்கின்றோம். அவ்வாறு கூடியிருந்து கேட்கும் வழக்கம் ஒருமுறை கைவந்தால் மண்டபத்துக்கு வந்து கேட்கும் வழக்கமும் தானே வரும் என்று நம்பித்தான், எனது வீட்டு விறாந்தையில் பாய் விரித்து இவ்வமர்வை ஆரம்பித்தேன்.

இதற்கென அங்கத்தவர் ஒருவரின் மகன் கனடாவிலிருந்து அன்பளிப்பாக அனுப்பிய றெக்கோட் பிளேயர் பற்றியே கடையில் அதிகம் பேசப்பட்டதாக அறிகின்றேன். முதல் அமர்வில் எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் இசைத்தட்டொன்றை வைத்தோம். 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவரின் குரல் என்று நான் முன்னுரை கூறி ஊசியை வைக்க, தடிமன் பிடித்த ஆண்குரல் போன்ற ஒன்று கிளம்பியது. பின்வரிசையில் சிரித்தவர்கள் யார் என்பதை அறிவேன். காரணம் இதுதான்: கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், எங்களுடையது 50. நாம் வாங்கிய மின்மாற்றி 230 வோல்ற்றை 120 ஆக்குமே தவிர அதிர்வெண்ணில் கை வைக்காது. அதிர்வெண்ணைப் பார்த்தே சுழலும் அந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றியது. சுருதியின் உயரத்தைக் கூறும் கட்டைக் கணக்கில், ஐந்து கட்டைச் சுருதி மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். இது தெரியாமல் கருவியை எதற்கு ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு, தெரிந்த பிறகு அதைத் திருத்தியவரும் இதே செயலாளர்தான் என்பதை நினைவூட்ட விரும்புகின்றேன்.

திருத்திய விதத்தையும் பதிவு செய்கின்றேன். மோட்டாரின் கப்பி ஐந்துக்கு ஆறு என்ற அளவில் பெருத்தால் இழந்த வேகம் திரும்பிவிடும் என்பதால், நகரிலுள்ள கடைசல் தொழிலாளி ஒருவரிடம் பித்தளையில் புதிய கப்பி கடையச் சொன்னேன். முதலில் கடைந்தது சற்றுப் பெரிதாகிப் பாட்டு ஓட்டமெடுத்தது. இரண்டாவதைப் பொருத்திய பின்னர், தட்டின் விளிம்பில் வெள்ளைக் காகிதத் துண்டொன்றை ஒட்டிக் கைக்கடிகாரத்தை அருகில் வைத்து, மூன்று நிமிடத்தில் நூறு சுற்று வருகின்றதா என்று எண்ணினேன். நான்காம் தடவை எண்ணுகையில் சரியாக நூறு வந்தது. அன்றிரவு எனது மனைவி இருமுறை சாப்பிட அழைத்தும் நான் எழவில்லை என்பது அறிக்கைக்கு அவசியமற்ற விடயம்.

1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் விட்டுவைத்த ஒலிநாடாக்களைச் சேகரித்துக் கணினியில் பதிவு செய்யும் வேலையும் இவ்வமர்வோடு சேர்ந்ததே. வாவிக் காற்றின் ஈரத்தில் நாடாவெங்கும் வெண்பூஞ்சணம் பிடித்திருக்கும். பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலன்றிக் கருவியில் போட முடியாது. வானொலியிலிருந்து பதிந்த ஒரு நாடாவில், ஆலாபனையின் நடுவே தகரக் கூரையில் மழை விழுகின்றது; பின்னர், “சோறு ஆறுது, எழும்பி வாங்க” என்று ஒரு பெண்குரல் கேட்கின்றது. அதை நீக்கிவிட வேண்டாமென உரியவர் கேட்டுக்கொண்டார். நீக்கவில்லை.

இனி நேரடிக் கச்சேரி. சென்னையில் சபாக்கள் நிறைந்து வழியும் மார்கழி எங்களுக்கு அடைமழைக் காலம் என்பதால் வழமைபோல் தைப்பொங்கலின் பின்னரே நடத்தினோம். ஒலிபெருக்கி கொண்டுவந்தவர் தமது வழக்கப்படி அம்மன் கோயில் திருவிழா அளவுக்குத் திறந்துவிட்டார்; இரண்டு பெட்டிகளை நிறுத்தச் சொல்லி நான் மன்றாடியும், அவர் நிறுத்த வர்ணம் முடியும்வரை தாமதமாயிற்று. காற்றின் ஈரத்தில் மிருதங்கம் தளர்ந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் வித்துவான் கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டிச் சேர்த்ததைச் சிலர் நேர விரயம் என்றனர். சுருதி சேராமல் வாசித்திருந்தால் அவர்கள் கவனித்திருப்பார்களோ என்பது வேறு கேள்வி. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்துவிடும் என்று மேடைக்கு அருகில் இருந்த மின்விசிறிகளையும் நிறுத்தினோம்; முன்வரிசையினர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டதற்கு அதுவே காரணம்.

மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனம் தொடங்கியதும் வழமைபோல் பாதிச் சபை தேநீருக்கு எழுந்தது. எழாதிருந்தவர்களுள் ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர். நாற்பது ஆண்டுகளாக வீட்டில் சிறிய வானொலியிலும் ஒலிநாடாவிலும் மட்டுமே கேட்டவர். போயா அமர்வில் அறிமுகமாகி முதன்முறையாகக் கச்சேரிக்கு வந்திருந்தார். அவர் மெல்ல என் பக்கம் சாய்ந்து, “சேர், இடக்கைப் பக்கத்தில இப்பிடியொரு சத்தம் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்” என்றார். சிறிய ஒலிபெருக்கியில் வலப்பக்கமான வலந்தலையின் நாதம் வரும், தொப்பியின் கீழ்நாதம் வராது. அத்தனை ஆண்டுகளும் அவர் அரை மிருதங்கத்தையே கேட்டிருக்கின்றார். அமர்வினால் விளைந்த பயன் என்ன என்று கேட்டவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

அங்கத்தவர் பதிவேட்டில் 86 பெயர்கள் உள்ளன. கச்சேரிக்கு வந்த அங்கத்தவர்கள் 29 பேர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்து கடைசிப் பேருந்தை நினைத்து இடையில் எழுந்தவர்களை நான் குறைகூறவில்லை. பத்து நிமிட நடைத் தூரத்தில் வசித்துக்கொண்டு வராதவர்களைப் பற்றியே பேசுகின்றேன். அவர்களுள் பலர், மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னரே, கச்சேரியின் பதிவை அனுப்பிவைக்குமாறு எனது கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தனர். முழுநிலவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன் பாடுகின்றதா என்று காத்திருந்த ஊர் இது. பதிவை நான் அனுப்பவில்லை, அனுப்பவும் எண்ணமில்லை.

சந்தா செலுத்தியவர்கள் 31 பேர். மாதச் சந்தா ஒருவர் கடையில் தேநீரும் வடையும் உண்ணும் செலவை மிஞ்சாது. மூன்று ஆண்டு நிலுவை வைத்திருக்கும் சிலர், மெல்லிசைக் குழுவை அழைத்துச் சினிமாப் பாட்டு இரவு நடத்தினால் நிதி குவியும் என்று எழுத்தில் ஆலோசனை வழங்கியுள்ளனர். ஆலோசனை மன்றத்தின் ஆவணக் கோவையில் சேர்க்கப்பட்டது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகக் கூறின், வரவுக்கும் செலவுக்கும் பெரிய வேறுபாடில்லை. இருக்கும் சிறு வேறுபாடு செலவின் பக்கத்தில் உள்ளது. “சில்லறைத் திருத்த வேலைகள்” என்ற தலைப்பில் கப்பிகள் இரண்டும், மின்மாற்றியும், ஊசியும் அடங்கும். பற்றுச்சீட்டுகள் என்னிடம் உள்ளன. முதற் கப்பியின் விலையை நான் மன்றத்திடம் கோரவில்லை.

மண்டபம் தந்துதவியோருக்கும், கலைஞர்களுக்கும், கதிரைகளை அடுக்கிய இளைஞர்களுக்கும், எனது இல்லத்தில் போயா தோறும் கோப்பை கழுவியோருக்கும் நன்றி கூறுகின்றேன்.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகக் கூறுகின்றேன். இப்போதைய நிலையில் கச்சேரி ஒன்றுக்கு மேல் நடத்த இயலாது. நிலுவை வந்தால் இரண்டு நடத்தலாம், இரண்டாவதை ஒலிபெருக்கியே இல்லாமல் சிறிய கூடமொன்றில் நடத்த எனக்கு ஆசை. செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் கோவைகளையும் அலுமாரித் திறப்பையும் இன்றே கையளிப்பேன். றெக்கோட் பிளேயரை மட்டும், புதிய செயலாளர் மூன்று நிமிடத்தில் நூறு சுற்று எண்ணிப் பழகும்வரை என் விறாந்தையில் வைத்திருப்பதே நல்லது என்று கருதுகின்றேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருப்பார், பின்வாயில் பூட்டப்பட்டுள்ளது.