சொல்லிவிட்டுப் போகாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். முறுக்கும் இட்லிப் பொடியும் அனுப்பியிருந்தேன், வந்து சேர்ந்ததா? மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். அந்தக் கையெழுத்து விஷயத்தை இப்போது எடுக்கவில்லை, பயப்படாதே. அடுத்த மாதம் தம்பியைப் பார்க்க அவன் இருக்கிற காப்பகத்துக்குப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டுப் போகாதே. சொன்னால் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார வைத்திருப்பார்கள். அவனுக்குச் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும், உனக்குத் தெரியும். அங்கே எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் போக வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாமல் இருக்கிறார்களா என்று பார். சாய்த்து வைத்து அவசரமாக ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் போகும். பிறகு நிமோனியா என்று பெரியாஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், காரணத்தை யாரும் எழுத மாட்டார்கள்.

எடை நோட்டைக் கேள். மாதம் ஒரு முறை எழுத வேண்டும். அவன் 54 கிலோ. ஒரே மாதத்தில் இரண்டரை மூன்று கிலோ இறங்கியிருந்தால் சாப்பாட்டையும் பார், டாக்டரிடமும் காட்டு. மலம் போன கணக்கையும் கேள், வெட்கப்படாதே. மூன்று நாள் போகவில்லை என்றால் சும்மா விடக்கூடாது. பேசத் தெரியாத பிள்ளைக்கு வயிறு இறுகினால் கத்துவான், கடிப்பான். அடம் என்பார்கள். அடத்துக்கு ஒரு அடி, இல்லையென்றால் ஒரு மாத்திரை.

அந்த மாத்திரையைத்தான் நீ கவனிக்க வேண்டும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. 30 நாளைக்கு 60. பில் தேதியைப் பார்த்து மீதியை எண்ணு. கூட இருந்தால் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ரிஸ்பெரிடோன் என்று, மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை ஏதாவது புதிதாக இருந்தால் யார் எழுதினார்கள், எதற்கு, மறுபடி எப்போது டாக்டர் பார்ப்பார் என்று சீட்டோடு காட்டச் சொல். வாயில் எச்சில் ஒழுகுகிறதா, நடை விறைத்திருக்கிறதா, பகலில் தூங்கி வழிகிறானா என்று பார். 'இப்போ ரொம்ப அமைதி ஆயிட்டான் மேடம்' என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதே.

நகம் வெட்டுகிறேன், சட்டை மாற்றுகிறேன் என்று உட்கார்ந்து உடம்பைப் பார். மாப்பிள்ளையும் வந்தால் குளிப்பாட்டியே பார்க்கலாம். வந்தால். முழங்கால், முன்னங்கால், முழங்கை, நெற்றி எல்லாம் விழுந்தால் படுகிற இடம். மேல்கையின் உள்பக்கம், காது மடல், கழுத்து, முதுகு, உள்தொடை எல்லாம் சாதாரணமாக விழுந்து படுகிற இடமில்லை. மணிக்கட்டில் வளையம் மாதிரித் தழும்பு இருந்தால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வலிப்பில் விழுந்தான் என்பார்கள். அப்படியானால் அந்தத் தேதியும், எத்தனை நிமிடம் என்பதும் வலிப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேள்.

அங்கே இருக்கிற எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. காலையில் வந்தவளை மறுநாள் வரை நிறுத்தி வைத்து, முப்பது பேருக்கு ஒருத்தி என்று விட்டால் அவளும் கயிற்றைத்தான் தேடுவாள். அதனால் ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்டுக் குறித்துக்கொள். ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி 28 பேர் தப்பி ஓட முடியாமல் எரிந்து போனது சங்கிலியில் கட்டியிருந்ததால்தான். அவர்கள் மனநோயாளிகள், நம் பிள்ளைக்கு இருப்பது வேறு. ஆனால் கட்டுவதற்குச் சொல்கிற காரணம் ஒன்றுதான்.

ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே சத்தம் போடாதே. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் போட்ட மாதிரி வேண்டாம். வெளிச்சத்தில் கொண்டுவந்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் போட்டோ எடு. மறுநாளும் எடு, கன்றிப்போனது சில சமயம் பிறகுதான் தெரியும். உள்ளாடையில் கறை இருந்தால் துவைக்காமல் காகிதக் கவரில் போடு. பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய். அவனிடம் 'அவன் அடிச்சானா, இவன் அடிச்சானா' என்று கேட்காதே. எதைக் கேட்டாலும் 'ம்' என்பான், பிறகு அந்த 'ம்' எதற்கும் உதவாது. காதைத் தட்டினால் வலி, நாக்கை மடித்தால் வேண்டாம். எல்லாம் நீல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போலீசோடு நிறுத்தாதே. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7-ஆம் பிரிவில், கொடுமை நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் இருந்தாலே யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் சொல்லலாம். நம் பக்கம் அது ஆர்.டி.ஓ., வருவாய்க் கோட்டாட்சியர். அவரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கு. அவனை அங்கிருந்து மீட்க உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சோறு தண்ணீர் கொடுக்காமல் இருந்தால்கூட 92-ஆம் பிரிவில் 6 மாதத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை.

கையெழுத்து விஷயத்தை எடுக்கவில்லை என்று சொன்னேன், எடுக்காமல் முடியவில்லை. 18 வயது தாண்டியவனுக்கு அம்மா என்பதால் மட்டும் நான் சட்டப்படி கார்டியன் ஆகிவிட மாட்டேன், அக்கா என்பதால் நீயும் ஆகிவிட மாட்டாய். 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கார்டியனாக நீ கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துக் கணக்கைக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் வரவு செலவு காட்ட வேண்டும். அவ்வளவுதான். அவனை உன் வீட்டில் கொண்டுவந்து வை என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு அதைச் சொன்னாயா? நீ ஆபீசில் இருநூறு பேரை நிர்வாகம் செய்கிறவள், உனக்கு இது ஒன்றுமில்லை.

சொல்லாமல் போ என்று இத்தனை தடவை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன ஆனியில் அவன் இடது கையின் உள்பக்கம் நாலு விரல் தடம் பார்த்தேன். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றார்கள். சரி என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். 31 வருஷம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள். போட்டோ எடுக்கவில்லை, எங்கேயும் எழுதவில்லை, உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். என் இடுப்பு அவனைத் தூக்காது பாப்பா. இப்போது தலை வார நான் சீப்பை எடுத்தாலே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறான்.

நீல நோட்டைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போகும்போது நகவெட்டி கொண்டு போ, அங்கே இருப்பது மொக்கை. சாயங்காலம் ஆறரைக்குப் போ, சொல்லிவிட்டுப் போகாதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா