லாரி ஏசி விஷயமாகத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மெசேஜை அப்பா எனக்குப் படித்துக் காட்டினார். "18 வயசு லாரிக்கு ஏசி எதற்கு? கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள், டீசலும் மிச்சம்" என்று எழுதியிருந்தாய். அவருக்கு ஒரே சந்தோஷம். ஏசி கெட்டுப்போனதிலிருந்து அவர் சொல்வதும் அதுதானே. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பேசவே விடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பெர்த்தில் நீ சொல்வது சரி. அங்கே வெயில் காலத்தில் மழை அபூர்வம், காற்றிலும் ஈரம் குறைவு. சிங்கப்பூரில் அப்படியா? பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்புவது விடியுமுன்னே. சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு அடிக்கிற அந்த மழை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். ஜன்னலை ஏற்றாமல் முடியாது. ஏற்றினால், மூன்று பேர் மூச்சும் நனைந்த சட்டையும் என் காலடியில் இருக்கிற புதினா, வெற்றிலைக் கட்டின் ஈரமும் சேர்ந்து முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளை பூத்துவிடும். போன மாதம் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் அப்பா ஓட்ட, நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு கண்ணில் படுவதற்குள் துடைத்த இடம் மறுபடி மூடிக்கொண்டது. தேக்கா மார்க்கெட் வந்து சேரும்வரை எனக்கு உயிரே இல்லை.

ஏசி குளிருக்கு மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கிற குளிர்ந்த காயிலில் பட்டதும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகி, குழாய் வழியே தார்ச்சாலையில் சொட்டிப் போய்விடுகிறது. கண்ணாடிக்கு வருவது உலர்ந்த காற்று. குளிர்நாட்டு வண்டி என்றால் ஹீட்டராவது இருக்கும், நம் லாரியில் அதுவும் கிடையாது. (ரொம்பக் குளிர வைத்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும், அதற்கு வைப்பர் போட்டால் போதும்.)

அப்பாவின் கணக்கும் நியாயம்தான். சரக்கு வாகனத்துக்கு இங்கே 20 வருடம்தான் ஆயுள், நம்முடையதற்கு இன்னும் இரண்டு வருடம். 10 வருடம் தாண்டியதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் வேறு. புது லாரி எடுக்கலாம் என்றால், 2025இல் சிஓஇ (வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கிற உரிமம்) மட்டுமே 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போனது. சாகப்போகிற வண்டிக்கு அள்ளிக் கொடுக்க எனக்கும் மனசில்லை.

அதனால்தான் எது கெட்டது என்று தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது என்றேன். கேஸ் போட்டால் நன்றாகக் குளிர்கிறது, கொஞ்ச நாளில் போய்விடுகிறது. அப்படியென்றால் கேஸை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரஸர் சரியாகத்தான் இருக்கிறது, கேஸ்தான் எங்கேயோ ஒழுகுகிறது. காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப் அங்கிள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார்: கேஸின் சூட்டை வெளியே விடுகிற கன்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய் கசிந்து, அதில் சாலைத் தூசி கறுப்பாக அப்பிக் கிடக்கிறது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால், ஒழுகும் இடம் அப்படித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். கன்டென்சர், கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர், இணைப்பில் இருக்கிற ஓ-ரிங் ரப்பர் வளையம் மாற்றினால் போதும் என்கிறார். கேஸ் போடுமுன் உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வேக்குவம் வைத்து, இனி ஒழுகவில்லை என்பதற்கு மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று நானே பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன்.

கம்ப்ரஸர் இறுகி, உடைந்த இரும்புத்தூள் லைன் முழுக்கப் போயிருந்தால் கதை வேறு. கன்டென்சரின் மெல்லிய துளைகளில் சிக்கிய தூளைக் கழுவி எடுக்க முடியாது. எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். அப்போது நானே கழற்றச் சொல்லியிருப்பேன், மழை நாளில் வேறு வண்டி ஏற்பாடு செய்துகொண்டு.

அப்பா நினைக்கிற மாதிரி ஸ்பேனரை எடுத்துச் சட்டென்று கழற்றவும் முடியாது. மிச்சமிருக்கிற கேஸை மெஷினில் இழுக்க வேண்டும். அந்த ஆர்134ஏ கேஸ் காற்றில் கலந்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று நீதானே ஒரு தடவை எனக்குச் சொன்னாய்? பைப்பைத் திறந்தபடி விட்டால் ஈரம் ஏறிவிடும், மறுபடி மாட்ட நினைத்தாலும் ஆகாது. நீ சொல்கிற டீசல் மிச்சம் தேக்காவுக்குப் போய்வருகிற தூரத்துக்கு எவ்வளவு வந்துவிடப் போகிறது?

வெள்ளிக்கிழமை லாரியை விடுகிறோம். அன்றைக்குச் சித்தப்பா வேனில் சரக்கு எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு இன்னும் முகம் சரியில்லை. போன் பண்ணும்போது கன்டென்சரைப் பற்றிக் கேள், விளக்கமாகச் சொல்வார். பில் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே.

அன்புடன்,
அம்மா