கைதோடு நின்றுவிட்ட நியாண்டா கட்டுரை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தென்னாப்பிரிக்கத் தளபதி சிஃபிவே நியாண்டாவைப் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். சொவெட்டோவில் பிறந்தவர், 1974-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கோன்டோ வி சிஸ்வே படையில் சேர்ந்தது, 1988-இல் உள்நாட்டில் தலைமறைவு அமைப்பைக் கட்டும் 'வூலா' நடவடிக்கைக்காக சக போராளி மாக் மகராஜுடன் ரகசியமாக நாட்டுக்குள் நுழைந்தது, 1990-இல் பிடிபட்டது எல்லாம் விறுவிறுப்பாக இருந்தன. ஆனால் அதற்குப் பிந்திய 15 ஆண்டுகளை, "பின்னர் ராணுவத் தலைமைத் தளபதியானார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கட்டுரையே இருக்கிறது.

1994 தேர்தலுக்குப் பிறகு அங்கே ஏழு படைகளைச் சேர்த்து ஒரே ராணுவமாக்கினார்கள். நிறவெறி அரசின் பழைய ராணுவம், அதை எதிர்த்த இரண்டு கெரில்லாப் படைகள், கறுப்பினத்தவருக்கென்று அந்த அரசு தனியே பிரித்துவைத்த டிரான்ஸ்கை முதலான நான்கு 'தாயகங்களின்' படைகள். நியாண்டாவின் சகோதரரை 1983-இல் ஸ்வாசிலாந்தில் கொன்றது நிறவெறி அரசின் போலீஸ். அப்படிப்பட்டவர், பழைய ராணுவத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மைரிங்கின் கீழேயே நான்கு ஆண்டு வேலை பார்த்தார். மைரிங்கை மண்டேலா பதவியில் தொடரவிட்டது வெறும் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. ஆட்சி மாறினாலும் படைப்பிரிவுகள் அந்த அதிகாரிகள் கையில்தானே இருந்தன?

1998-இல் அதே மைரிங், அரசைக் கவிழ்க்கச் சதி நடப்பதாக மண்டேலாவிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் மண்டேலாவின் முன்னாள் மனைவி வின்னி, டிரான்ஸ்கையின் முன்னாள் ஆட்சியாளர் பாண்டு ஹோலோமிசா ஆகியோரோடு நியாண்டாவின் பெயரும் இருந்தது. தலைமை நீதிபதி இஸ்மாயில் மஹோமத் விசாரித்து, அதில் சாரமே இல்லை என்றார். மைரிங் பதவி விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் நியாண்டா. இதையா விட்டுவிடுவது?

சரி, அவர் தலைமையில் எல்லாம் சுமுகமாகிவிடவும் இல்லை. 1999-இல் டெம்பே ராணுவ முகாமில், முன்பு கெரில்லாவாக இருந்த ஒரு லெப்டினன்ட் வெள்ளையர் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார். காகிதத்தில் இணைந்த படைகள் முகாமுக்குள் எப்படி இருந்தன என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2005 வரை நியாண்டா சமாளித்தது இந்த ராணுவத்தைத்தான்.

அப்புறம், 2009-இல் அவர் தகவல் தொடர்பு அமைச்சரானதையும், அடுத்த ஆண்டே அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டதையும் சொல்லியிருக்கலாம். போராளி என்றால் கடைசிவரை மாலையோடுதான் காட்ட வேண்டுமா? இடம் போதவில்லை என்றால், வூலாவின் கணினிகளுக்கும் சங்கேதச் செய்திகளுக்கும் ஒதுக்கிய முழுப் பக்கத்தில் பாதியைக் குறைத்திருக்கலாம்.

– ஒரு வாசகர், திருச்சி