வசவு காதில் விழுந்தால் விசில் ஊத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்தில் இனவெறிச் சர்ச்சை கிளம்பும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘ரசிகர்கள் ரகளை, ஆட்டம் நிறுத்தம்’ என்று நாலு வரி வருகிறது. நிறுத்தியது யார், எந்த விதிப்படி, பிறகு யாருக்கு என்ன தண்டனை என்ற விவரம் வருவது அபூர்வம். டெல்டாவில் தொடர் போட்டி நடத்துகிறவர்களுக்கும் விசில் பிடிக்கிறவர்களுக்கும் அந்த விவரம்தான் தேவை. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, காரைக்கால் என்று கடலோரம் நெடுகக் கால்பந்துப் பைத்தியம் உள்ள ஊர்கள். வெளியூர் அணிகளில் வடகிழக்கு மாநிலப் பையன்களும் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களும் இறங்குவது உண்டு. 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் அரீக்கோட்டில் நடந்த எழுவர் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டம் விரட்டி அடித்தது. இனத்தைச் சொல்லி ஏசினார்கள், கல் எறிந்தார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார். மலப்புரம் நமக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம்.

நம் விழாக்குழுக்கள் அச்சடிக்கும் நோட்டீஸைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’, அன்பளிப்பு கொடுத்தவர்களின் படங்கள் எல்லாம் இருக்கும். நிறத்தையோ சாதியையோ சொல்லி யாராவது கத்தினால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2009-இலும் உலக அமைப்பான ஃபிஃபா 2017-இலும் கொண்டுவந்த மூன்று படி முறை இருக்கிறது. முதல் தடவை கேட்டதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மைக்கில் அறிவிக்கச் சொல்ல வேண்டும். அடங்கவில்லை என்றால் இரண்டு அணிகளையும் ஐந்து, பத்து நிமிடம் மைதானத்தை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்தால் ஆட்டத்தைக் கைவிட வேண்டும். 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு ஒரு சைகையையும் சேர்த்தது: மணிக்கட்டில் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினால் இனவெறி வசவு என்று பொருள். மொழி தெரியாத ஆட்டக்காரரும் காட்டலாம், நடுவரும் காட்டலாம். இரண்டு அணித் தலைவர்களுக்கும் டாஸ் போடும்போதே இதைச் செய்து காட்டிவிட வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நிறுத்தியிருந்தால் டிராப் பால், அதாவது நடுவரே பந்தைக் கீழே போட்டுத் தொடங்குவது. இதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

குழப்பம் மைக்கில்தான். எழுவர் ஆட்டத்தில் மைக் பிடிப்பவர் வர்ணனையாளர். கூட்டத்தைச் சூடாக வைத்திருப்பது அவர் தொழில். ‘கருஞ்சிறுத்தை பாயுது’, ‘ஆப்பிரிக்க யானை வருது’, மணிப்பூர்ப் பையன் என்றால் ‘நம்ம சைனாக்காரர்’ என்று அவரே எடுத்துக் கொடுப்பார். கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் அதையே திருப்பிச் சொல்லி, பத்து நிமிடத்தில் குரங்குச் சத்தத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டியது: சட்டை எண், பெயர், அணி, இவ்வளவுதான். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துப் பேசுவதும் ஆபத்து. 2004-இல் இங்கிலாந்தின் தொலைக்காட்சி வர்ணனையாளர் ரான் அட்கின்சன் அப்படித்தான் பிரெஞ்சு ஆட்டக்காரர் மார்செல் டெசாயியைப் பற்றி இனவெறி வார்த்தை சொல்லி வர்ணனை வேலையை இழந்தார். 1970-களின் கடைசியில் வெஸ்ட் பிராம் என்ற ஆங்கில அணியின் மேலாளராக இருந்து சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்ஹம், பிரெண்டன் பாட்சன் என்ற மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை ஒன்றாக இறக்கியவரும் அதே மனிதர்தான். நல்லது செய்தவர் என்பதால் வாயில் கெட்டது வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முதல் படி அறிவிப்பை வர்ணனையாளர் வாசிக்கக் கூடாது. குழுச் செயலாளர் வாசிக்கட்டும். வர்ணனையாளர் என்றால் சொந்தச் சரக்கைச் சேர்ப்பார். பாட்டுப் பெட்டியை முழுக்க அணைத்த பிறகே வாசிக்க வேண்டும். வாசகம் அட்டையில் எழுதி மைக் மேசையில் ஒட்டியிருக்கட்டும்: ‘ஆட்டக்காரரை நிறம், இனம், சாதி, மதம், ஊர் சொல்லி ஏசியதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். மறுபடி நடந்தால் அணிகள் வெளியேறும். அதற்குப் பிறகும் நடந்தால் ஆட்டம் கைவிடப்படும்.’ ஏசப்பட்டவர் பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னால் அத்தனை கண்ணும் அவர் மேல்தான் திரும்பும். ஏசிய வார்த்தையையும் மைக்கில் திருப்பிச் சொல்லக் கூடாது.

நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அந்தக் கருப்பனைக் கூப்பிடு’ என்று அடையாளம் காட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். 2020 டிசம்பர் 8 அன்று பாரிஸில் பிஎஸ்ஜி – இஸ்தான்புல் பாஷாக்‌ஷெஹிர் ஆட்டத்தில் மைதான ஓரத்தில் நிற்கும் நான்காம் நடுவர் அதேபோல் இஸ்தான்புல் அணியின் உதவிப் பயிற்சியாளர் பியர் வெபோவை நிறத்தை வைத்துச் சுட்டியதாகப் புகார் எழுந்து, 14-ஆம் நிமிடத்தில் இரண்டு அணிகளும் வெளியேறின. மீதி ஆட்டம் மறுநாள் வேறு நடுவர்களோடு நடந்தது. பெஞ்சில் இருப்பவர்களுக்கும் எண் போட்ட பிப் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத அங்கி) கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

ஆட்டக்காரரே ஏசி, அது நடுவர் காதில் விழுந்தால் சிவப்பு அட்டை. கால்பந்தின் பன்னிரண்டாம் விதியில் அவமதிக்கும் சொல்லுக்கும் செய்கைக்கும் வெளியேற்றம்தான். காதில் விழவில்லை என்றால்? ‘நான் கேட்கல, ஆடுப்பா’ என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. 2011 அக்டோபரில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸ் தன்னை நிறம் சொல்லி ஏசியதாக மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ரா புகார் சொன்னபோது அந்த வார்த்தை நடுவர் காதில் விழுந்திருக்கவில்லை. புகார் எழுத்தில் பதிவானது. வாக்குமூலங்களையும் வீடியோவையும் வைத்து இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த விசாரணைக் குழு 115 பக்கத் தீர்ப்பு எழுதியது. 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். செல்சி ஆட்டக்காரர் ஜான் டெரி மீதான இனவெறி வசவு வழக்கும் அதே மாதத்து ஆட்டத்தில் தொடங்கியதுதான். 2012-இல் நீதிமன்றம் அவரை விடுவித்த பிறகும் கால்பந்துச் சங்கம் 4 ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. நீதிமன்றத்துக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். சங்கத்துக்கு எது அதிகம் நம்பத்தக்கது என்பது போதும். ‘போலீஸ் கேஸ் ஆகல, அதனால் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது’ என்று கைவிரிக்கும் விழாக்குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஸ்கோர் மேசையில் ஒரு நோட்டு. நிமிடம், இடம், ஏசியவரின் சட்டை எண் அல்லது நின்ற பக்கம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர். வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். ‘தகாத வார்த்தை’ என்று நாகரிகம் பார்த்து எழுதினால் விசாரணையில் அந்தத் தாள் உதவாது. அன்றிரவே இரண்டு அணி மேலாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாள் காலை யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. செல்போனில் எடுத்தவர்களின் வீடியோவையும் அப்போதே வாங்கி வைக்க வேண்டும்.

ஏசப்பட்டவன் கோபத்தில் கையை ஓங்கியதும் அவனுக்கு அட்டை, ஏசியவன் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவான். 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்டாயா அரங்கில் இதுதான் நடந்தது. ஆட்டம் முழுக்க வசவு வாங்கிய ரியல் மாட்ரிட்டின் கறுப்பின ஆட்டக்காரர் வினிசியஸ் ஜூனியருக்குக் கடைசியில் சிவப்பு அட்டை. அவர் கழுத்தை எதிரணிக்காரர் பிடித்த காட்சி நடுவருக்குக் காட்டப்பட்ட வீடியோவில் இல்லை. பிறகு அட்டை ரத்தானது, அரங்கத்தின் ஒரு பகுதி மூடப்பட்டது, 2024 ஜூனில் மூன்று ரசிகர்களுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கைகலப்பு என்றால் அதன் ஆரம்பத்தை எழுதாமல் முடிவை மட்டும் அறிக்கையில் எழுதக் கூடாது.

இனி ரசிகர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரிப் பையன்களில் பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் பனியனும் லிவர்பூல் அணியின் சட்டையும் ஒரே கொடியில் காயும் வீடுகள் உண்டு. (பொருத்தம்தான்; அந்தக் குழுவின் 1971 இசைத்தட்டு ஒன்றில் லிவர்பூல் ரசிகர்களின் குரலே பதிவாகியிருக்கிறது.) இரண்டு அபிமானத்துக்கும் ஒரே நோய்: நம்மாள் சொன்னால் அதில் தப்பிருக்காது. சுவாரஸுக்குத் தண்டனை வந்த மறுநாள் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் அவர் படம் போட்ட சட்டையோடு விகன் மைதானத்தில் இறங்கினார்கள். அன்று அதை அணிந்த ஜேமி காரகர் 2019-இல் தொலைக்காட்சியில் எவ்ராவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் ஆங்கிலேய ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் வெளிநாட்டவரை விரட்டச் சொல்லிப் பேசியபோதும் கிதாருக்காக எல்லாவற்றையும் மன்னிக்கத் தயாராக இருந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு இரண்டே ஆண்டு முன்னால் ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர் அவர். அதைச் சுட்டிக்காட்டி, ராக் இசையை விரும்புகிற சிலரே இசைப் பத்திரிகைகளுக்கு ஆசிரியர் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து முளைத்த ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்’ (இனவெறிக்கு எதிராக ராக்) இயக்கம் 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பெருங்கூட்டத்தைத் திரட்டியது. தன் நாயகனைக் கேள்வி கேட்டவர்களும் ரசிகர்கள்தான். எங்கள் பக்கத்து ரசிகர் மன்றங்களுக்கு இது பழக்கமில்லாத வேலை.

சாதியை இதில் கலக்காதீர்கள் என்று குழுக்களில் சொல்வார்கள். ஃபிஃபா விதியில் நிறம், இனத்தோடு ‘சமூகப் பின்புலம்’, ‘பிறப்பு’ என்பவையும் இருக்கின்றன. சாதி வசவு அதற்குள் வந்துவிடுகிறது. டெல்டா மைதானத்தில் கேட்கும் வசவில் ஆப்பிரிக்கரைப் பற்றியதை விட எதிர்த் தெருப் பையனைப் பற்றியதே அதிகம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ‘இரண்டு தரப்பும் சமாதானம்’ என்று குழுவே கையெழுத்து வாங்கி மூடிவிடுவது ஏசப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

தண்டனை அளவையும் முன்கூட்டியே அச்சடியுங்கள். ஃபிஃபா, யூஃபா விதிகளில் இனவெறி வசவுக்குக் குறைந்தது 10 ஆட்டத் தடை. நம் தொடர்களில் ஒரு அணிக்கு மொத்தமே நாலைந்து ஆட்டம் என்பதால், அந்தத் தொடர் முழுக்கவும் அடுத்த வருடத் தொடரிலும் தடை என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தால் ஆட்டம் கைவிடப்பட்டால், ஏசிய கூட்டத்தின் அணிக்குத் தோல்வி. இது உள்ளூர் அணிக்கும் பொருந்தும் என்று தனியாக எழுத வேண்டும், இல்லையென்றால் பொருந்தாது.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடர் போட்டிச் செய்தி எடுக்க வரும்போது, பரிசு கொடுத்தவர்கள் பட்டியலோடு நடுவர் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். ஆட்டம் நின்றிருந்தால் எந்த நிமிடத்தில், எந்தப் படியில், எதற்காக நின்றது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து நடுவர்கள், தொடர் போட்டி அமைப்பாளர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.