பரணில் கிடந்த மூன்று ஜோடி

மதுரை,
ஐப்பசி

அன்புள்ள மாப்ள,

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பெட்டி மாட்டுத்தாவணியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோக்காரர் கேட்ட காசுதான் பார்சல் கூலியைவிட அதிகம். பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் பழைய ரப்பர் வாடை. "இதையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோங்க" என்று உத்தரவாகிவிட்டது.

உன் தம்பி மகன் முதுகில் காற்று டேங்க் போட்டு முங்கப் பழகப்போகிறான், அவனுக்குக் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு, அதாவது ஃபின், புதுசாக வாங்கலாமா, வளைகுடாவில் வேலை பார்த்தபோது நீ சேர்த்த இந்தப் பழசே போதுமா என்று கேட்டிருந்தாய். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் உன்னால் தண்ணீரில் இறங்க முடியாது. அதனால் பெட்டியில் இருந்த மூன்று ஜோடியையும் சோழவந்தானில் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றுக்குக் கொண்டுபோனேன். மழையில் தண்ணீர் நன்றாக ஏறியிருக்கிறது. பம்புசெட் ரூம் திண்ணையில் உட்கார்ந்து நான் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பேரன், "தாத்தா வாத்துக்கால் போட்டுட்டாரு" என்று ஊரையே கூட்டிவிட்டான்.

முதலில் அந்தக் குட்டையான சர்ச்சில் ஜோடி. சர்ச்சில் என்றதும் சுருட்டு பிடித்த பிரதமரை நினைக்காதே. இவர் ஓவன் சர்ச்சில், அமெரிக்கப் பாய்மரப் படகுக்காரர், 1932 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். தாஹித்திப் பையன்கள் ஓலையைப் பின்னித் தார் பூசிக் காலில் கட்டி நீந்தியதைப் பார்த்திருக்கிறார். பிரெஞ்சு கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933லேயே ஃபினுக்குக் காப்புரிமை எடுத்திருந்ததால், அவரிடம் அனுமதி வாங்கித்தான் இவர் செய்து விற்றார். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டைக் காலில் கட்டிக்கொண்டு முங்குவதை நீயே பார்த்திருக்கிறாய். அவர்கள் எந்தக் காப்புரிமையையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை! சரி, இந்த ஜோடி அலையில் விளையாடத்தான் லாயக்கு. முதுகில் டேங்கோடு போகிறவனுக்கு, விரலுக்கு முன்னால் நீளும் இந்தத் தகடு போதாது. விட்டுவிடு.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நீ தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஜெட் ஃபின் மார்சேயில் ஜார்ஜ் பூஷா செய்தது. ஸ்கூபாப்ரோ கம்பெனி கைக்குப் போய் அமெரிக்காவில் பெரும் பேர் வாங்கியது. கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது, தண்ணீரில் விட்டால் நேரே அடிக்குப் போகிறது. தகடு அகலம், விறைப்பு. பாதத்துக்குப் பக்கத்தில் திறப்புகள் இருப்பதால் உதைக்கும்போது அங்கே தண்ணீர் முட்டி நிற்காமல் கழிந்துவிடுகிறது. ஆனாலும் காலை மாற்றி மாற்றி வேகமாக அடித்தால் தொடை கெஞ்சுகிறது. இதற்குத் தவளை உதைதான் சரி. நிதானமாக ஒரு உதை, அப்படியே கொஞ்சம் மிதந்து போவது, பிறகு அடுத்தது. அப்படி நீந்தினால் கிணற்றடிச் சேறுகூடக் கலங்கவில்லை. நின்ற இடத்தில் திரும்பவும் பின்னால் நகரவும் இதுபோல் வேறில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வெறுங்காலோடு போட்டால் சித்திரவதை. கால் நுழையும் இடம், முங்கும்போது போடும் நியோப்ரீன் ரப்பர் பூட்ஸுக்கென்று அகலமாக வைத்தது. பாதம் உள்ளே ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்த ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டினால் குதிகாலுக்கு மேல் நரம்பை அறுக்கிறது. அந்த ஸ்ட்ராப்பை வளைத்தும் பார்த்தேன். மடிப்பு முழுக்க முடி முடியாக வெடிப்பு. அதை நம்பிக் கடலில் இறங்கக்கூடாது. ஸ்டீல் ஸ்பிரிங் ஸ்ட்ராப் வாங்கி மாட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். இதன் கனத்தைப் புகழ்கிறவர்களில் பாதிப் பேர் குளிர்கடலில் முங்குகிறவர்கள். காற்று நிறைந்த தடித்த உடுப்பு அவர்கள் காலை மேலே தூக்கும். கனமான ஃபின் அதை அமுக்கிப் பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் மெல்லிய உடுப்பே அதிகம். அங்கே அந்தக் கனம் காலைக் கீழே இழுக்கத்தான் செய்யும். கால் தொங்கினால் உடம்பு சாய்கிறது, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எதிர்த்து வந்தால் மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது ஜோடியான ரொண்டினே அப்படியில்லை. லுயிஜி ஃபெர்ராரோ என்ற இத்தாலிய முக்குளிப்பு வீரர், 1943ல் துருக்கித் துறைமுகங்களில் எதிரிக் கப்பல்களுக்கு அடியில் வெடி கட்டியவர், போருக்குப் பிறகு ஜெனோவாவில் கிரெஸ்ஸி கம்பெனிக்காக வடிவமைத்தது. குதிகாலையும் சேர்த்து முழுப் பாதத்தையும் மூடுகிறது. ஸ்ட்ராப்பும் இல்லை, பக்கிளும் இல்லை. உள்ளே ஈரம் பண்ணிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் எனக்கு லேசாகக் கடித்தது. என் பாதம் அகலம். இடுப்பிலிருந்து சின்னதாக அசைத்தாலே போதும், உதையின் முடிவில் தகடு வளைந்து நிமிர்ந்து தள்ளிவிடுகிறது. கிணற்றின் இந்தப் படிக்கல்லில் காலை ஊன்றி எடுத்தால் எதிர்ச்சுவருக்குக் கையை நீட்ட வேண்டியதுதான். கரையில் நடக்கத்தான் ஆகாது. செத்த பவளக்கல் கிடக்கும் இடத்தில் வெறுங்காலோடு இறங்கிப் போட வேண்டியிருக்கும். படகிலிருந்து குதிப்பவனுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆக, பையனுக்கு ரொண்டினே, அவன் பாதத்துக்குப் பொருந்தினால். பொருந்தாவிட்டால் ஜெட் ஃபினையே ரப்பர் பூட்ஸோடும் புது ஸ்ட்ராப்போடும் கொடு. கடையில் விற்கும் புதுப் பிளாஸ்டிக் ஃபின் ஒன்றும் மோசமில்லை, லேசு, ஊருக்குத் தூக்கிப்போகச் சுலபம். கையில் இருப்பதைப் பரணில் போட்டுவிட்டுக் கடைக்குப் போகத்தான் எனக்கு மனசு வரவில்லை.

மதினி கையில் மட்டும் இவற்றைக் கொடுத்துவிடாதே, தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிப் படுக்கவாட்டில் வை. நிறுத்தி வைத்ததால்தான் சர்ச்சில் ஜோடியில் ஒன்று நுனி மடங்கியே கிடக்கிறது.

பையனை ஒரு வெள்ளைத் தாளில் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து அனுப்பு. சாயங்காலம் வரையச் சொல், நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். தாள் வந்ததும் ரொண்டினேயில் வைத்துப் பார்த்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். உன் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாயா? அதையும் எழுது.

அன்புடன்,
முருகேசன்