அழைப்பவர் மீதும் விதி பாய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி ஊழியர்கள் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்னும் விதி, தேர்தல் நெருங்கும்போதெல்லாம் சுற்றறிக்கையாக வந்து சேர்கிறது. அந்த விதி வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அது ஊழியரை மட்டுமே தண்டிக்கிறது. அவரைக் கட்சி வேலைக்கு இழுக்கிறவரைக் கண்டுகொள்வதில்லை. கொங்குப் பகுதி நகராட்சி ஒன்றில் வரி வசூல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி, அரசு ஊழியர் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. கட்சிக்கு நிதி தரவோ, எந்தத் தேர்தலிலும் வாக்குச் சேகரிக்கவோ கூடாது. வாக்களிக்கலாம், யாருக்கு என்பதைத்தான் வெளிக்காட்டக் கூடாது. உள்ளாட்சி ஊழியர்களுக்கும் இதையொட்டிய கட்டுப்பாடுகளே உள்ளன. சென்னைக் கோட்டையில் கோப்பு பார்ப்பவரைவிட, எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டருக்குத்தான் இவ்விதி அதிகம் தேவை என்பேன். எந்த வீதிக்கு முதலில் வால்வைத் திறப்பது, எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. அவர் ஒரு கட்சியின் கரை வேட்டியோடு மேடையருகே நிற்பதைப் பார்த்துவிட்டால், கோடையில் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏறாமல் போவதற்கு மின்வெட்டே காரணமாக இருந்தாலும் மக்கள் நம்ப மாட்டார்கள். சொத்து வரிக்கு வீட்டை அளக்கப் போகிறவருக்கும் இதே கதிதான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவுக்காகக் கூடும் கொட்டகையில், மேற்பார்வையாளர் பெயர் வாசித்து முடித்ததும், வார்டில் செல்வாக்குள்ள ஒருவர் வந்து, "நாளைக்குக் கூட்டம் இருக்குது, இந்த வார்டுல இருந்து இத்தனை பேர் வந்தாகோணும்" என்று சொல்லிவிட்டுப் போவதைப் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். உடம்புக்கு முடியவில்லை என்று மறுத்த ஓர் அம்மாள், அடுத்த வாரமே வீட்டிலிருந்து வெகு தொலைவிலுள்ள வார்டுக்கு மாற்றப்பட்டார். எழுத்தில் காரணம் எதுவும் இல்லை. போயிருந்தால் விதிமீறல், போகாததால் இடமாற்றம் என்றால், அந்த அம்மாள் என்னதான் செய்வது?

கிராம ஊராட்சிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. ஆனாலும் நிற்பவர் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். ஊராட்சிச் செயலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல இடங்களில் வேட்பாளருக்குப் பங்காளியோ மாமன் மச்சானோ ஆவார். மறுத்துப் பேசுவது அவருக்கு எளிதன்று.

உதவி பெற்றவரையே பொறுப்பாக்கும் வழி நம் தேர்தல் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளர் தம் வெற்றிக்காகக் குறிப்பிட்ட வகை அரசு ஊழியர்களின் உதவியைப் பெறுவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. அந்தப் பிரிவையொட்டித்தான், ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றியை 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. பின்னர் சட்டத்தைத் திருத்தியதால் உச்ச நீதிமன்றத்தில் அத்தீர்ப்பு நிற்கவில்லை என்றாலும், நாட்டின் பிரதமரையே பதில் சொல்ல வைத்த நியாயம் அது. ஆனால் அது தேர்தல் காலத்துக்கு உரியது. கட்சி மாநாடும் தலைவர் வருகையும் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. கொட்டகைக்கு வரும் அழைப்பும் ஆண்டு முழுவதும் வருகிறது.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இதனினும் பரிதாபம். நகராட்சிச் சீருடையில் வேலை செய்தாலும் அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்றால், விசாரணையே இல்லாமல் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஊழியரின் வாயைக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சங்கம் வைக்கவும் கோரிக்கைக்காகக் குரல் கொடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஊழியர்களின் ஆர்ப்பாட்டம் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்த பீகார் அரசின் விதியை உச்ச நீதிமன்றம் 1962-இலேயே ரத்து செய்திருக்கிறது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்ட ஊராட்சிகளில் மக்கள் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடந்தாலும், அதற்கு முன் அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஊழியரைக் கட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கும் உறுப்பினர், அதிகாரி, ஒப்பந்ததாரர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க விதியில் இடம் வேண்டும். மறுத்தவரை மாற்றினாலோ நீக்கினாலோ எழுத்துப்பூர்வமான காரணத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இவ்விரண்டையும் எளிய தமிழில் அச்சிட்டு, ஆணையர் அறையில் மாட்டுவதோடு நிறுத்தாமல், வருகைப் பதிவு நடக்கும் ஒவ்வொரு கொட்டகையிலும் புகார் அளிக்க வேண்டிய மாவட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணுடன் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர்,
ஈரோடு மாவட்டம்.