கந்தோர் எண்டா கூடாத சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை வாசகர் பக்கத்தில ஒருத்தர் 'கந்தோர்' கொச்சைச் சொல், சிங்களத்தில இருந்து வந்தது, பேப்பரில காரியாலயம் எண்டுதான் போடவேணும் எண்டு எழுதியிருந்தார், வாசிச்சிட்டு சும்மா இருக்க ஏலாமத்தான் இதை எழுதுறன். சிங்கள ஆக்களும் கந்தோருவ எண்டு சொல்லுறது உண்மை, ஆனா அது அவையிட்ட இருந்து நாங்க எடுத்ததில்ல, ரெண்டு பேருமே ஒல்லாந்தரிட்ட, அதுதான் டச்சுக்காரரிட்ட, வாங்கினதுதான். 1656இல போர்த்துக்கீசரிட்ட இருந்து கொழும்பைப் பிடிச்சவை 1796இல இங்கிலீஷ்காரனிட்ட குடுக்கும்வரைக்கும் இங்க இருந்து கணக்கெழுதினவை, அவையிட பாஷையில ஒபிசுக்குப் பேர் 'கான்டோர்'.

டச்சுக்காரருக்கும் அது சொந்தச் சரக்கில்ல, பிரெஞ்சில இருந்து எடுத்தது. அங்க அது காசு எண்ணுற மேசை, அதுக்கும் அடியில கணக்குப் பாக்கிறதுக்கான லத்தீன் சொல் கிடக்கு. டச்சில மேசையில தொடங்கி மேசை கிடக்கிற அறை, பிறகு முழு ஒபிசும் கந்தோர் ஆயிட்டுது, இங்கிலீஷில மேசையோடயே நிண்டு அதுதான் நாங்க நாள்முழுக்க சொல்லுற கவுண்டர். கம்ப்யூட்டரும் அதே லத்தீன்தான்! கவுண்டரில லைனில நிண்டு, கம்ப்யூட்டர் வேலை செய்யேல்ல நாளைக்கு வாங்கோ எண்டு கேட்டுக்கொண்டு கந்தோரில இருந்து திரும்பி வாற ஆள் ஒரே குடும்பத்து மூண்டு பேரையும் பாத்திட்டுத்தான் வாறார். இதில கவுண்டர் நல்லம் கந்தோர் கூடாது எண்டா என்ன நியாயம்? அவர் சொல்லுற காரியாலயமும் சமஸ்கிருதம்தானே.

கொழும்பில கோடுகள் இருக்கிற புதுக்கடைப் பக்கம் போனா இப்பிடிச் சொல்லுகள் இன்னும் கிடைக்கும். கோட்டில வாதாடுற வக்கீலுக்குச் சொல்லுற அப்புக்காத்து டச்சு, காணி உறுதி எழுதுறவருக்குச் சொல்லுற நொத்தாரிசும் டச்சு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோட அப்புக்காத்தும் மற்ற வகை வக்கீலான பிரக்கிராசியும் ஒண்டாகி எல்லாரும் சட்டத்தரணி ஆயிட்டினம், ஆனா எங்கட வீடுகளில வாய் காட்டுற பெடியனை 'பெரிய அப்புக்காத்து' எண்டு பேசுறது இன்னும் நிக்கேல்ல. நொத்தாரிசு மட்டும் போர்டிலயும் உறுதியிலயும் அப்பிடியே இருக்கிறார், காணி எழுதப் போற ஒருத்தரும் அந்தச் சொல் கொச்சை எண்டு எழும்பி வந்ததா நான் கேள்விப்படேல்ல.

அதால ஐயா, தபால் கந்தோர் எண்டு எழுதி வாற கடிதங்களை வெட்டித் திருத்தாம அப்பிடியே போடுங்கோ, இதையும் சேத்துத்தான்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்